கலைச்சொல் இழை: மனிதன் எதற்கு 'இயல்பிரை'?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

'நேச்சுரல் பிரிடேட்டர்' (ஓர் உயிரினத்தை வழக்கமாகக் கொன்று தின்னும் விலங்கு) என்பதற்கு நம் சூழலியல் சொல்தொகுப்பில் 'இயற்கை எதிரி' என்று இருக்கிறது. அதை நீக்கக் கோருகிறேன்.

வேளாண்மையில் 'இயற்கை எதிரிகள்' ஏற்கெனவே வேரூன்றிய சொல். அசுவினிப் பூச்சியைத் தின்னும் பொறிவண்டு, புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை இடும் குளவி, புழுவின் உடலில் வளர்ந்து அதை அழிக்கும் பூஞ்சை எல்லாம் அதில் அடங்கும். இவற்றில் குளவி ஒட்டுண்ணி வகை, பூஞ்சை நோய்க்காரணி. கொன்று தின்பது பொறிவண்டு மட்டுமே. ஒரு துறையில் இவ்வளவு அகலமாகப் புழங்கும் சொல்லைப் பக்கத்துத் துறையில் குறுக்கி ஆண்டால் மாணவர்தான் குழம்புவார்.

இன்னொன்று, தமிழில் 'இயற்கை' என்றதும் காது 'செயற்கை'யைத் தேடும். இங்கே அந்த எதிர்நிலை கிடையாது. தன் வாழ்முறையின் பகுதியாக வழக்கமாகக் கொன்று தின்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு 'இயல்பு' பொருந்தும்.

பெயர்ச்சொல்லாகக் 'கொன்றுண்ணி'யை வைத்துக்கொள்ளலாம். 'வேட்டையாடி' என்றால் துரத்திப் பிடிப்பதுதான் கண்முன் வரும். நீருக்குள் அசையாமல் கிடக்கும் முதலைக்கோ வலையில் காத்திருக்கும் சிலந்திக்கோ அது ஒட்டாது. 'இரைகொல்லி' என்றால் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி வரிசையில் போய் நின்றுவிடும். 'கோண்மா' அருமையான பழஞ்சொல்தான். ஆனால் அதிலுள்ள 'மா' (விலங்கு) கழுகையும் மலைப்பாம்பையும் சுறாவையும் உள்ளே விடாது. 'கொன்றுண்ணி'யோ 'ஒட்டுண்ணி'க்கு நேர் இணை. வினைக்குக் 'கொன்றுண்ணல்' என்று தடையில்லாமல் வருகிறது.

ஆகவே 'இயல்புக் கொன்றுண்ணி'. சோதனை வாக்கியம்: "மனிதனுக்கு இயல்புக் கொன்றுண்ணி உண்டா?"

மடல் 2

> ஆகவே 'இயல்புக் கொன்றுண்ணி'.

கொன்றுண்ணிக்கு என் ஒப்புதல். அடைமொழிதான் தவறான இடத்தில் ஒட்டியிருக்கிறது ஐயா.

புலி ஒன்றுதான். அது கடமானைக் கொல்வது இயல்பு, மனிதனைக் கொல்வது அப்படியல்ல. 'இயல்புக் கொன்றுண்ணி' என்று புலிக்குப் பட்டம் சூட்டினால், யாருக்கு என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டிவரும். இயல்பு என்பது விலங்கின் குணம் அன்று, இரண்டு இனங்களுக்கு இடையிலான உறவு. எனவே அடையை இரையின் பக்கம் மாற்றுவோம்: வழக்கமாகத் தின்னப்படுவது இயல்பிரை, அதற்கு எதிர்நிலையாக, சூழல் வாய்த்தால் மட்டும் தின்னப்படுவது வாய்ப்பிரை. 'புலிக்குக் கடமான் இயல்பிரை, மனிதன் வாய்ப்பிரை.' ஒரே வாக்கியத்தில் இரண்டு உறவும் தெளிவாகிவிடுகின்றன.

'வாய்ப்பு' என்ற சொல்லை யோசித்தே எடுத்திருக்கிறேன். காயம்பட்ட, கிழடான விலங்குதான் மனிதனைத் தின்னும் என்று பாடநூல்கள் எழுதுகின்றன. அது பாதி உண்மை. 1907இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் சுட்ட, இன்றைய உத்தராகண்டின் சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வலப்பக்க மேல், கீழ்க் கோரைப்பற்கள் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன. அங்கே காயம்தான் காரணம். தான்சானியாவில் 1990 முதல் 2004 வரை சிங்கங்கள் 563 பேருக்கு மேல் கொன்றன. அந்தக் கணக்கைக் காயத்தால் மட்டும் விளக்க முடியாது. தாக்குதல்கள் மிகுந்த இடங்களில் வரிக்குதிரை போன்ற இரைகள் அருகியிருந்தன, காட்டுப்பன்றி மிகுந்திருந்தது. பன்றியிடமிருந்து பயிரைக் காக்க மக்கள் இரவில் வயலில் தூங்கினார்கள். பன்றியைத் தேடி வந்த சிங்கத்துக்கு அவர்கள் எதிர்ப்பட்டார்கள். ஊனம், இரைப் பஞ்சம், எதிர்ப்படல் மூன்றையும் 'வாய்ப்பு' தாங்கும்.

தொகுப்பில் வரையறையோடு நிற்காமல், ஒரு நிகழ்வை வகைப்படுத்தும் வரிசையையும் தர வேண்டும். முதலில் கேட்க வேண்டியது, தின்றதா என்பது. அடித்துவிட்டு உடலை அப்படியே விட்டுப்போனால் அது தற்காப்பாக இருக்கலாம். குட்டியோடு இருக்கும் கரடியின் தாக்குதல் பெரும்பாலும் இந்த வகை. தின்றிருந்தால், கொன்றது அதுவேதானா என்று பார்க்க வேண்டும். உயிரோடிருக்கும்போது பட்ட கடியில் திசுவுக்குள் இரத்தம் கசிந்து உறைந்திருக்கும். இறந்த பின் கடித்த இடத்தில் அது இராது. அப்படியானால் அது பிணந்தின்னல், கொன்றுண்ணல் அன்று. இந்த இடத்தில்தான் தவறு மிகுதியாக நேர்கிறது. பிணத்தருகே கண்ட விலங்கின் மீதே பழி விழுந்துவிடும்.

மூன்றாவது கேள்வி, அந்தத் தனி விலங்கு திரும்பத் திரும்பச் செய்கிறதா, அந்த இனம் முழுவதும் செய்கிறதா. 1898இல் கென்யாவின் சாவோவில் ரயில்பாலத் தொழிலாளரைத் தின்ற இரண்டு சிங்கங்கள் இதற்குப் பாடம். 135 பேர் என்றார் அவற்றைச் சுட்ட பேட்டர்சன். அருங்காட்சியகத்திலிருந்த மயிரையும் எலும்பையும் கொண்டு 2009இல் கரிம, நைட்ரசன் ஓரிடத்தான்களை (ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணுக்கள்; உண்ட உணவுக்கேற்ப இவற்றின் விகிதம் மாறும்) அளந்தபோது ஏறத்தாழ 35 என்று வந்தது. எலும்பு பல ஆண்டு உணவைக் காட்டும், மயிர் கடைசி மாதங்களின் உணவைக் காட்டும். இரண்டும் வேறுபட்டதால் மனித ஊன் பிற்காலத்தில் சேர்ந்தது என்று தெரிந்தது. வாய்ப்பிரை என்பதற்கு இதைவிடக் கச்சிதமான சான்று வேண்டியதில்லை.

மடல் 3

உறவுக்குப் பெயர் வைப்பது சரியான திருத்தம். சொல்லளவில் எனக்கு இரண்டு தடைகள் உண்டு.

'இரை' தமிழில் கொல்லப்படும் விலங்கை மட்டும் குறிப்பதில்லை. கோழி இரை பொறுக்குகிறது என்றால் அது தானியமாகவும் இருக்கலாம். தூண்டிலில் கோப்பதும் இரைதான். வரையறையில் 'உயிருள்ள விலங்கு' என்று சேர்க்காவிட்டால் 'கோழிக்குக் கம்பு இயல்பிரை' என்று எழுத வழி இருக்கிறது.

இரண்டாவது, 'ஆட்கொல்லி'. அதை வரையறைக்குள் எங்கும் விடக்கூடாது. யானையையும் ஆட்கொல்லி என்கிறோம், நோயையும் என்கிறோம். யானை ஆளைத் தின்பதில்லை. பாம்புக்கடியால் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த நச்சுப்பாம்புகளில் ஒன்றுக்குக்கூட மனிதன் இரையல்ல. சாவு எண்ணிக்கையை வைத்துக் கொன்றுண்ணியைத் தீர்மானிக்கும் பழக்கம் இந்தச் சொல்லால்தான் வருகிறது.

பொருளளவில் ஒரு கேள்வி: முதலை? அதற்குக் காயமும் வேண்டாம், இரைப் பஞ்சமும் வேண்டாம். கரைக்கு வருவது மானா மனிதனா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லையே.

மடல் 4

> பொருளளவில் ஒரு கேள்வி: முதலை?

நல்ல கேள்வி. அதற்காகவே இரண்டாம் மடலில் நான் சொன்ன வரையறையைத் திருத்துகிறேன். நைல் முதலையும் உவர்நீர் முதலையும், வளர்ந்த நிலையில், நீரோரம் வரும் நடுத்தர, பெரிய விலங்குகளைப் பொதுவாக எடுப்பவை. மனித உடல் அந்த அளவுக்குள் வருகிறது. முதலையின் நடத்தையில் எந்த விதிவிலக்கும் நேராமலே மனிதன் இரையாகிறான். ஆகவே அந்த நீரோரத்தில் மனிதன் முதலைக்கு இயல்பிரைதான். 'கொன்றுண்ணியின் வழக்கமான நடத்தையில் மாற்றம் இல்லாமலே இரையாவது' என்று அளவுகோலை வைத்தால் முதலை உள்ளே வரும், புலி வெளியே நிற்கும்.

வலைவரி மலைப்பாம்பும் உள்ளே வரக்கூடும். பிலிப்பைன்ஸின் அக்டா வேட்டை மக்களில் ஆண்களுள் 26 விழுக்காட்டினர் அதன் தாக்குதலுக்கு ஆளாகியிருந்ததாக 2011இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அவர்கள் சிற்றுடலினர், அடர்காட்டில் வாழ்ந்தவர்கள். இதனால் ஒன்று தெளிவாகிறது: இயல்பிரை என்பதை இனத்துக்கு மட்டுமல்லாமல் இடத்துக்கும் காலத்துக்கும் சேர்த்தே சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டாங்கில் 1924இல் கிடைத்த ஆஸ்திரலோபித்தேக்கஸ் (மனிதனுக்கு முந்தைய மூதாதை இனம்) குழந்தையின் கண்குழியில், பெருங்கழுகு குரங்குகளைத் தின்றால் விடும் அதே கீறல்கள் 2006இல் அடையாளம் காணப்பட்டன. நம் முன்னோர் அன்று இயல்பிரைகள்.

இன்று நிலத்தில் ஏன் இல்லை? உணவு குறைவாலன்று. பாலூட்டிகளின் மொத்த உயிர்நிறையில் (எல்லா உடல்களின் எடைக் கூட்டில்) மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மனித உடல்களே. காட்டுப் பாலூட்டிகள் எல்லாம் சேர்ந்து சுமார் 4 விழுக்காடு. இவ்வளவு ஊனுக்கென்றே தனித்துப் பழகிய கொன்றுண்ணி ஒன்றுகூட உருவாகவில்லை. ஒரு மனிதனைத் தின்ற விலங்கைத் தேடி ஊரே கிளம்புகிறது என்பதே முதன்மைக் காரணமாக இருக்கலாம். அந்தப் பழக்கம் அடுத்த தலைமுறைக்குப் போய்ச்சேருவதில்லை. ஆனால் பேன், பால்சிபாரம் மலேரியாக் கிருமி என்று மனிதனையே நம்பிய ஒட்டுண்ணிகள் உண்டு. சிறியதைத் துரத்திக் கொல்ல முடியாது. கொன்றுண்ணி, ஒட்டுண்ணி என்று இணைச்சொற்கள் நமக்கு வாய்த்ததால் இந்த வேறுபாட்டை ஒரே வரியில் சொல்லிவிட முடிகிறது.

கூடவே ஓர் எச்சரிக்கை. தனக்கென்று தனிக் கொன்றுண்ணி இல்லை என்பதால் மனிதனை 'உச்சக் கொன்றுண்ணி' என்று எழுதிவிடாதீர்கள். உணவை வைத்துக் கணித்தால் மனிதனின் ஊட்ட மட்டம் (உணவுச் சங்கிலியில் நிற்கும் படி; தாவரத்துக்கு 1) 2.21, பன்றிக்கும் நெத்தலிக்கும் பக்கத்தில். 2013இல் வந்த கணக்கு இது. மற்ற விலங்குகளோ நம்மை வேறுவிதமாகப் பார்க்கின்றன. தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவின் நீர்நிலைகளில் ஒலிபெருக்கி வைத்துச் சோதித்தபோது, சிங்கத்தின் குரலைக் கேட்டு ஓடியதைவிட மனிதப் பேச்சைக் கேட்டு ஓடும் வாய்ப்பு இருமடங்கு இருந்தது. இதற்குத் தனிச்சொல் வேண்டும். 'மீக்கொன்றுண்ணி' என்று வேறு இழையில் பேசலாம்.

பதிவு இப்படி இருக்கட்டும்:

இயல்பிரை (பெ.): ஓரிடத்தில், ஒரு காலத்தில், ஒரு கொன்றுண்ணி தன் வழக்கமான நடத்தையில் மாற்றமின்றிக் கொன்று உண்ணும் உயிருள்ள விலங்கு. எ-டு: நைல் ஆற்றோரத்தில் முதலைக்கு மனிதன். எதிர்: வாய்ப்பிரை. ஒப்பிடுக: ஒட்டுண்ணி, பிணந்தின்னி. 'இயற்கை எதிரி' என்பதை இப்பொருளில் ஆளற்க.

மடல் 5

ஏற்கிறேன். முதல் மடலில் வைத்த 'இயல்புக் கொன்றுண்ணி'யை விலக்கிக்கொள்கிறேன். பதிவில் இரண்டு சிறு திருத்தங்கள். எடுத்துக்காட்டில் 'முதலைக்கு' என்பது 'வளர்ந்த முதலைக்கு' என்று இருக்க வேண்டும், குஞ்சு முதலை பூச்சியும் தவளையும் தின்பது. 'வாய்ப்பிரை'க்குத் தனிப் பதிவும் தேவை. அதில் சாவோவை எடுத்துக்காட்டாக வைத்து, 135 என்ற எண்ணைத் தவிர்த்து 'ஏறத்தாழ 35' என்றே அச்சிடுவோம்.