பம்பிள்பீக்குக் கருவண்டு வேண்டாம்

[தக்கலையிலிருந்து]

நண்பர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்துத் தோட்டங்களில் பம்பிள்பீக்கள் (bumblebee, ஒரு வகைப் பெரிய தேனீ) எந்தப் பூக்களைத் தேடிப் போகின்றன என்ற கட்டுரையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று முதல் வரியிலேயே முட்டிக்கொண்டது. ‘கருவண்டு’ போதுமே என்று இரண்டு பேர் சொன்னீர்கள். எங்கள் பக்கம் கருவண்டு என்றால் வீட்டு உத்தரத்தைத் துளைத்து மரத்தூள் கொட்டுகிற ஆசாமி. பம்பிள்பீயோ ராணி, வேலைக்காரிகள் என்று கூட்டமாக, பல சமயம் பழைய எலிவளையில் குடியிருப்பது. உடம்பெல்லாம் ரோமம், குளிர் தாங்கும். இந்தியாவில் பெரும்பாலும் இமயமலைப் பக்கம்தான் இருக்கிறது. கருவண்டு என்று எழுதினால் நம் வாசகர் உத்தரத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பார்.

‘கம்பளித் தேனீ’ என்றும் யோசித்தேன். கம்பளிப்பூச்சி ஞாபகம் வந்து உடம்பு அரித்தது, விட்டுவிட்டேன்.

ஆங்கிலப் பெயரே ரீங்காரத்தை வைத்து வந்ததுதான். நம்மிடம் ‘முரல்’ இருக்கிறது. ‘முரல்தேனீ’ என்று வைக்கலாமா?

இன்னும் இரண்டு சொல் வேண்டும். நாக்கு நீண்ட இனங்கள் ஃபாக்ஸ்குளோவ் மாதிரி ஆழமான குழல்பூக்களுக்குப் போகும். குட்டை நாக்குக்காரிகளில் சில, எட்டாத குழலின் அடியைக் கடித்து ஓட்டை போட்டு உறிஞ்சிவிடும். இதற்குத் ‘தேன்களவு’. அப்புறம், கத்தரிப்பூவின் மகரந்தப்பை நுனியில் சிறு துளைதான் உண்டு. முரல்தேனீ அதைக் கவ்விக்கொண்டு, சிறகடிக்காமல், பறப்பதற்கான தசைகளை மட்டும் உதறும். மகரந்தம் பொலபொலவென்று கொட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. இதற்கு ‘முரல் சேர்க்கை’.

[மார்த்தாண்டத்திலிருந்து]

தம்பி, முரல்தேனீ நன்றாக இருக்கிறது. முரல் சேர்க்கைதான் இடிக்கிறது. என் வழுதலைப் பாத்தியில் (உங்கள் கத்தரிதான்) காலையில் அந்த வேலையைப் பார்ப்பது நீங்கள் தள்ளிவைத்த கருவண்டுதான்! பெயர் இப்படி இருந்தால் முரல்தேனீக்கு மட்டுமே உரியது என்று ஆகிவிடும். சத்தம் கூட வருவதுதானே, மகரந்தத்தை உதிர்ப்பது அதிர்வு. ‘அதிர்வுச் சேர்க்கை’ என்று போடுங்கள்.

தேன்களவும் வேண்டாம். தேன்பெட்டி வைத்திருக்கிற எங்களுக்கு, ஒரு பெட்டித் தேனீ அடுத்த பெட்டிக்குள் புகுந்து தேனைத் தூக்குவதுதான் களவு. பூவில் இருப்பது இன்னும் தேன் ஆகவில்லையே, மதுதானே?

[தக்கலையிலிருந்து]

அண்ணாச்சி, அதிர்வுச் சேர்க்கையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ‘மதுக்களவு’ என்று போட்டால் டாஸ்மாக் பூட்டை உடைத்த செய்தி மாதிரி இருக்கும். ‘பூந்தேன் களவு’ என்று திருத்திவிட்டேன். கருவண்டுக்கும் கட்டுரையில் ஒரு பத்தி சேர்க்கிறேன். உங்கள் பாத்தியில் எத்தனை மணிக்கு வருகிறது என்று மட்டும் சொல்லுங்கள், படம் எடுக்க வருகிறேன்.