அமெரிக்காவில் சோஷியல் ஒர்க் லைசென்ஸ்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பொன்னி (கலிபோர்னியா):

ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது, எழுதிவிடுகிறேன். லைசென்ஸுக்கு முன் பதிவு செய்துகொண்டு சூப்பர்வைசரின் கீழ் வேலை பார்க்கும் அசோசியேட்டுகளுக்கு விளக்க வேண்டியதில்லை. 3,000 மணிநேர வேலை, குறைந்தது 104 வாரம் சூப்பர்விஷன், வாராவாரம் மணிக்கணக்கு எழுதும் லாக். எல்லாம் முடிந்து கடைசிப் படிவத்தில் சூப்பர்வைசர் கையெழுத்து மட்டும் பாக்கி. அவர் அந்த வாரத்தோடு ஏஜென்சியை விட்டுப் போகிறார்.

பார்க்கிங்கில்தான் பிடிக்க முடிந்தது. காரில் அட்டைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். படிவத்தை ஒரு பெட்டி மேல் வைத்து, பேனாவைத் திறந்து, வரி வரியாகப் படித்தார். "குடும்ப செஷன்களில் நான் உள்ளே உட்காரவில்லையே, இதற்கெல்லாம் நான் எப்படிப் பொறுப்பேற்பது?" என்றார். பேனாவை மூடி என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

வியாழக்கிழமைதோறும் அவர் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு குடும்பத்தைப் பற்றியும் பேசியிருக்கிறேன். ஒரு குழந்தையை அம்மாவிடமே விட்டுவைக்கலாமா என்ற கேள்வி வந்தபோது இருவரும் சேர்ந்துதான் யோசித்தோம். வார லாக் அத்தனையிலும் அவருடைய கையெழுத்து இருக்கிறது. வாரம் வாரம் போட முடிந்த கையெழுத்தை மொத்தமாகப் போடச் சொன்னால் ஏன் முடியவில்லை? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

சரவணன் (டெக்சாஸ்):

எனக்கு நடந்தது வேறு மாதிரி. அப்போது நான் எல்.எம்.எஸ்.டபிள்யூ., அதாவது க்ளினிக்கல் லைசென்ஸுக்கு முந்தைய படி. ஆஸ்பத்திரி வேலை. ஊரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் ஓர் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. அதன் பிறகு அவர் சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதுமில்லை. தமிழ் பேசுகிறவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள்.

அறைக்குள் போனதும் அவர் கணவர் என் பேட்ஜைக் கையில் பிடித்துக்கொண்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "எல்... எம்... எஸ்... தம்பி, இதில் சி இல்லையே? சி இருக்கிறவர்தான் மனசு சம்பந்தமாகப் பேசலாம் என்று என் மகள் சொன்னாளே" என்றார். மகள் நர்ஸ்.

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. எல்.சி.எஸ்.டபிள்யூ., அதாவது அந்த 'சி' என்கிற க்ளினிக்கல் லைசென்ஸ் உள்ள ஒருவரின் சூப்பர்விஷனில்தான் நான் மனநலம் சார்ந்த க்ளினிக்கல் வேலை செய்கிறேன் என்று விளக்கினேன். "அப்படியென்றால் அவரையே வரச் சொல்லுங்களேன்" என்றார். என் சூப்பர்வைசருக்குத் தமிழ் தெரியாது. அவர் மொழிபெயர்ப்பாளரை போனில் வைத்துக்கொண்டு பேசினார். அந்த அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வாசலிலேயே நின்றேன்.

எழில் (கலிபோர்னியா):

பொன்னி, கோபித்துக்கொள்ளாதீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனாக ஒன்று சொல்கிறேன். நான் எல்.சி.எஸ்.டபிள்யூ., சூப்பர்வைசரும்கூட. ஒரு பெண்ணுக்குக் கையெழுத்துப் போட மறுத்திருக்கிறேன். க்ளினிக்கல் அல்லாத வேலைக்கு 1,000 மணிநேரம்தான் உச்சவரம்பு. அவர் வீட்டுவசதிக்கு மனுப் போட்டுக் கொடுத்தது, கூட்டங்களுக்குப் போனது எல்லாவற்றையும் க்ளினிக்கல் கணக்கில் எழுதிக் கொண்டுவந்தார். "எல்லாரும் இப்படித்தான் சார் எழுதுகிறார்கள்" என்று அவர் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. அந்த முகம் எனக்கும் மறக்கவில்லை. ஆனால் அதில் போவது என் லைசென்ஸ்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பட்டம் கிடைத்த 90 நாளுக்குள் அசோசியேட் பதிவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் இடையில் செய்த மணிநேரம் கணக்கில் வராது. அந்த 90 நாளுக்குள் விண்ணப்பித்தாலும், வேலைக்குச் சேருமுன் அந்த இடத்தில் கைரேகைச் சோதனை நடந்ததற்கான அத்தாட்சி வேண்டும். வேலையில் சேரும் நாளிலேயே சூப்பர்வைசரின் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று லைசென்ஸ் தரும் மாநில போர்டின் இணையதளத்தில் பாருங்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சூப்பர்விஷன் ஒப்பந்தத்தில் ஆரம்பத்திலேயே கையெழுத்து வாங்கி ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். லாகை ஏஜென்சி கணினியில் மட்டும் வைத்திருந்தால், வேலையை விட்ட மறுநாள் அதைத் திறக்க முடியாது. லா அண்ட் எதிக்ஸ் தேர்வை முதல் வருடமே எழுதுங்கள், தேறும்வரை வருடா வருடம் எழுதினால்தான் பதிவைப் புதுப்பிக்க முடியும். ஆறு வருடத்துக்கு முந்தைய மணிநேரம் செல்லாது, அதனால் குழந்தை, விசா, ஊர்ப் பயணம் என்று இடைவெளி வரும்போது தேதியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சூப்பர்வைசர் வேலையை விடுகிறார் என்று காற்றுவாக்கில் கேள்விப்பட்டாலே போதும், அன்றைக்கே அதுவரை செய்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். பார்க்கிங் வரைக்கும் போக விடாதீர்கள்.

பொன்னி:

எழில் சார், நான் ஆலோசனை கேட்கவில்லை. என் படிவத்தில் கணக்குத் தப்பு எதுவும் கிடையாது. உங்களிடம் வந்த பெண் கதை வேறு, என் கதை வேறு. அவர் வேலையை விடுகிறார் என்பது அந்த வாரம்தான் எங்கள் டீமுக்கே தெரியும்.

குறிஞ்சி (கலிபோர்னியா):

எழில் ஒன்றை விட்டுவிட்டார், பொன்னிக்கு வேண்டியதே அதுதான். கலிபோர்னியா விதியில் சூப்பர்வைசருக்கும் ஒரு கடமை இருக்கிறது. இனிமேல் உங்கள் மணிநேரத்துக்குச் சான்று தர மாட்டேன் என்று முடிவெடுத்தால், குறைந்தது ஒரு வாரம் முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கவில்லையா, முறையான சூப்பர்விஷனில் நேர்மையாகச் செய்த மணிநேரத்துக்கு அவர் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். பார்க்கிங்கில் நின்று பேனாவை மூடுவதெல்லாம் எழுத்தில் தெரிவித்ததாக ஆகாது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், என் ஏஜென்சியிலும் ஒருவர் இழுத்தடித்தார். அந்த விதியை அச்செடுத்து, மஞ்சள் கோடு போட்டு, ஒன்றும் பேசாமல் அவர் மேசையில் வைத்தேன். படித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, "இதை யார் உனக்குக் கொடுத்தது?" என்று கேட்டார். யாரும் கொடுக்கவில்லை, போர்டின் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது என்றேன். அன்று மாலைக்குள் கையெழுத்து வந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வியை என்னால் விட முடியவில்லை. எங்களுக்கு அது தெரியாது என்ற தைரியத்தில்தானே அத்தனை மாதம் இழுத்தார்?

அகிலா (நியூ ஜெர்சி):

நீங்கள் எல்லாரும் இங்கே படித்தவர்கள். நான் தமிழ்நாட்டில் எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சோஷியல் ஒர்க் முதுகலைப் பட்டம் முடித்துவிட்டு வந்தவள். லைசென்ஸ் பக்கம் போவதற்கே முதலில் சி.எஸ்.டபிள்யூ.இ. என்கிற கவுன்சிலிடம் நம் பட்டம் இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்று மதிப்பீடு வாங்க வேண்டும். அந்த அமைப்பு அங்கீகரிக்கும் எம்.எஸ்.டபிள்யூ.வுக்குக் குறைந்தது 900 மணிநேரம் ஃபீல்டு ஒர்க், அதாவது களப் பயிற்சி உண்டு. நம் மார்க் ஷீட்டில் ஃபீல்டு ஒர்க்குக்கு மதிப்பெண் இருக்கும், மணிக்கணக்கு இருக்காது.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது படித்த கல்லூரிக்கே போய் நின்றேன். அலுவலகத்தில் இருந்தவர் என் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, வாரம் இரண்டு நாள் போனீங்க, ரிப்போர்ட் எழுதினீங்க. அதுக்கு மணி எண்ணி யார் வெச்சிருப்பா? சோஷியல் ஒர்க்குக்கு லைசென்ஸா? டாக்டருக்குத்தானே லைசென்ஸ்?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். இந்தியாவில் சோஷியல் ஒர்க் முழுவதற்கும் ஒரே லைசென்ஸ் கிடையாது. 2017 மனநலச் சட்டம் சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கருக்கு எம்.ஃபில். வேண்டும் என்கிறது, பதிவும் கேட்கிறது. மற்றவர்களில் பெரும்பாலோர் பட்டத்தை வைத்தே வேலை பார்க்கிறார்கள்.

கடைசியில் என் ஃபீல்டு ஒர்க் நோட்டுதான் காப்பாற்றியது. கண்ணகி நகரில் வீடு வீடாகப் போனது, வந்த நேரம், கிளம்பிய நேரம், மேடத்தின் சிவப்பு மைக் குறிப்பு எல்லாம் அதில் இருந்தது. அதே மேடம், ஓய்வு பெற்றவர், துறைத் தலைவர் அறையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கூட்டிப் போட்டுக் கடிதம் தயாரித்துக் கொடுத்தார். சரவணன் சொன்ன அந்தப் பெரியவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. 'சி' என்ற எழுத்தை அவர் தேடுகிறார் என்றால் இந்த வேலைக்கும் ஒரு தகுதி உண்டு என்று நினைக்கிறார். என்னிடம் அப்படி ஊரில் யாரும் கேட்டதே இல்லை.

சரவணன்:

அகிலா அக்கா, எனக்கும் அவர் மேல் வருத்தம் இல்லை. அந்த அம்மா திரும்பிப் படுத்ததுதான் தாங்கவில்லை.

நிலா (இல்லினாய்):

தேர்வைப் பற்றி யாரும் பேசவில்லையே. லைசென்ஸுக்கான க்ளினிக்கல் தேர்வு மையத்தில் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள், கண்ணாடியைக் கழற்றி வாங்கிப் பார்த்தார்கள். சரி, விதி. அப்புறம் கழுத்தில் என்ன என்றார் சோதனை செய்த பெண். தாலிச் சங்கிலியை வெளியே எடுத்துக் காட்டினேன். மேலாளரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர். மனிதர்களின் கண்ணியத்தைப் பற்றிய தேர்வுக்குத்தான் உள்ளே போகிறேன்.

நான் எழுதியபோது 170 கேள்வி, நான்கு மணிநேரம், அதில் 150க்குத்தான் மதிப்பெண். எந்த 20 கணக்கில் வராது என்று நமக்குத் தெரியாது. கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்புக்கொண்டிருப்பதால் சொல்லவில்லை. ஆனால் "முதலில் என்ன செய்வீர்கள்" வகைக் கேள்வி எல்லாருக்கும் தெரியும். நான்கு விடையும் சரியாகவே தோன்றும். வீட்டில் மாமியார், நாத்தனார் எல்லாரும் ஒரே அறையில் இருக்கும்போது கிளையண்டான பெண்ணிடம் தனியாகப் பேச என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். அந்த வீடு நான்கு விடையில் எதிலும் இல்லை.

எழில்:

நிலா, தேர்வு என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். கிளையண்டைப் பாதுகாக்க அதுதான் வழி. தயாரிப்புக்கு ஒரு முறை சொல்கிறேன், முதலில் பாதுகாப்பு, அடுத்து மதிப்பீடு, அதன் பிறகுதான் தலையீடு என்று...

நிலா:

எழில் சார், தேறிவிட்டேன். தயாரிப்பு முறை வேண்டாம்.

கயல் (இல்லினாய்):

எழில் சொல்வதோடு எனக்கு உடன்பாடில்லை. தேர்வை நடத்தும் ஏ.எஸ்.டபிள்யூ.பி.யே 2022 ஆகஸ்டில் தேர்ச்சி விவரத்தை வெளியிட்டது. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் நடுவே எவ்வளவு பெரிய இடைவெளி என்று பார்த்தீர்களா? ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களும் பின்தங்கியிருக்கிறார்கள். மறு வருடம் நம் தொழிலின் சங்கமான என்.ஏ.எஸ்.டபிள்யூ.வே இந்தத் தேர்வை எதிர்க்கிறோம் என்று அறிவித்தது. எங்கள் மாநிலத்தில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர் எல்.எஸ்.டபிள்யூ. என்கிற முதல் படி லைசென்ஸ் வாங்க 2022 முதல் தேர்வே கிடையாது. அதனால் கிளையண்டுகள் பாதுகாப்பில்லாமல் போய்விட்டார்களா?

என்னோடு வேலை பார்த்த ஒரு கறுப்பினப் பெண்மணி இருபது வருடத்துக்கு மேல் குழந்தைகள் பாதுகாப்பில் இருந்தவர். நீதிபதியே அவர் கருத்தைக் கேட்டுத்தான் முடிவெடுப்பார். க்ளினிக்கல் தேர்வில் ஒவ்வொரு முறையும் சில மதிப்பெண்ணில் தவறிப்போகும். அப்புறம் 90 நாள் காத்திருக்க வேண்டும், மறுபடி பணம் கட்ட வேண்டும். கடைசியாகத் தவறிய அன்று அலுவலகம் வந்து, ரிசல்ட் தாளை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, நான் புதிதாகச் சேர்ந்தவள், எனக்கு வீட்டு விசிட் எப்படிப் போவது என்று சொல்லிக்கொடுத்தார். அவரிடம் கற்றுக்கொண்ட நான் இன்று எல்.சி.எஸ்.டபிள்யூ. அவர் அந்த வேலையையே விட்டுவிட்டார்.

மாறன் (நியூயார்க்):

கையெழுத்து விஷயத்துக்குத் திரும்புகிறேன். இங்கே எல்.எம்.எஸ்.டபிள்யூ. வாங்கிய பிறகு மூன்றிலிருந்து ஆறு வருடத்துக்குள் 2,000 கிளையண்ட் மணிநேரம். என் சூப்பர்வைசர் நல்ல மனிதர், எதையும் மறுத்ததில்லை. படிவம் அனுப்பும் சமயத்தில் திடீரென்று இறந்துவிட்டார். துக்கம் கேட்கப் போன வீட்டில் படிவத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? பேசாமல்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் மனைவியே உள்ளே போய் ஒரு கோப்பைக் கொண்டுவந்து, "இதில் உன் பெயர் எழுதியிருக்கிறது" என்று கொடுத்தார். எங்கள் சந்திப்புகளின் தேதியும் குறிப்பும் அதில் வரிசையாக இருந்தன.

அந்தக் குறிப்புகளை வைத்து அங்கே வேலை பார்த்த இன்னோர் எல்.சி.எஸ்.டபிள்யூ. சான்று எழுதிக்கொடுத்தார், என் விஷயத்தில் போர்டும் ஏற்றுக்கொண்டது. பொன்னி, உங்கள் ஏஜென்சியில் அந்த வியாழக்கிழமை சந்திப்புகளைப் பற்றித் தெரிந்த வேறு எல்.சி.எஸ்.டபிள்யூ. யாராவது இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கலிபோர்னியாவில் செல்லுமா என்பதை போர்டிடமே எழுத்தில் கேளுங்கள்.

பொன்னி:

நன்றி மாறன். ஒருவர் இருக்கிறார், நாளைக்கே கேட்கிறேன். குறிஞ்சி, அந்த விதி எந்தப் பிரிவில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். அச்செடுத்து, பதிவுத் தபாலில் என் பழைய சூப்பர்வைசரின் புது ஆபீஸுக்கு அனுப்புகிறேன்.