10 வாட் கைக்கருவி இரு மடங்கு தூரம் பேசுமா?

அளவுமானி:

முதல் ரேடியோக் கைக்கருவியாக எதை வாங்கலாம் என்று புதிதாக அமெச்சூர் ரேடியோ (ஹாம்) உரிமம் பெற்ற ஒருவர் கேட்டிருந்த இழையில் உச்சிக்குரல் நேற்று எழுதிய ஒரு வரியைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. "5 வாட் கருவியை விற்றுவிட்டு 10 வாட் கருவிக்கு மாறுங்கள், பேசும் தூரம் அப்படியே இரு மடங்காகும்" என்று ஐயத்துக்கு இம்மியும் இடம் வைக்காமல் அறிவுரை வழங்கியிருக்கிறார். அங்கேயே மறுப்பு எழுதினால் வாழ்த்துகளுக்கு நடுவே புதைந்துபோகும் என்பதால் தனி இழை தொடங்குகிறேன்.

திறனை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபெல். வந்துசேரும் அலையின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபெல். ஆகவே 5 வாட்டிலிருந்து 10 வாட்டுக்குத் தாவுகிறவர் எதிர்முனையின் மீட்டரில் அரைப் படி ஏறுவார். தடை எதுவுமில்லாத வெட்டவெளியிலேயே தூரம் 1.41 மடங்குதான் கூடும். இரு மடங்கு வேண்டுமென்றால் 20 வாட் தேவைப்படும். இருவரும் தரையில் நின்று கருவியை முகத்தருகே பிடித்துப் பேசும்போதோ, நேராக வரும் அலையும் தரையில் பட்டுத் தெறித்து வரும் அலையும் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்வதால், அந்த 1.41 கூட 1.19 ஆகச் சுருங்கிவிடும். இரு மடங்கு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் அவர் விளக்கட்டும்.

உச்சிக்குரல்:

என் பெயரைத் தலைப்பில் போடாமல் விட்ட பெருந்தன்மைக்கு நன்றி. நான் எழுதியது சூத்திரத்திலிருந்து எடுத்ததன்று, காதால் கேட்டது. 5 வாட்டில் ரிப்பீட்டர் (வரும் குரலை வாங்கி உயரத்திலிருந்து மறுபடி அனுப்பும் நிலையம்) என் குரலைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டிருந்த இடத்தைக் கடந்து, அதே ஆண்டெனாவோடு, 10 வாட்டில் இரு மடங்கு தொலைவிலிருந்து முழு வாக்கியங்களாகப் பேசியிருக்கிறேன்.

எஃப்எம் முறையில் ஒரு வாசல் இருக்கிறது என்பதை அளவுமானி வசதியாக மறந்துவிட்டார். அலையின் வலிமை அந்த வாசலுக்குக் கீழே இருக்கும்வரை பேச்சு இரைச்சலில் மூழ்கிக் கிடக்கும். சற்று மேலே ஏறியதும் தெளிந்துவிடும். அந்த வாசற்படியில் நிற்பவருக்கு 3 டெசிபெல் என்பதுதான் எல்லாம். அவர் அதை "அரைப் படி" என்று எள்ளி நகையாடுவது வாசலுக்கு உள்ளே சாய்வு நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் பேச்சு. இரு மடங்கு என்று எழுதினேன், இப்போதும் அதையே எழுதுகிறேன்.

அளவுமானி:

வாசல் இருப்பதை நான் மறுக்கவில்லை. அந்த வாசல் எந்தத் தூரத்தில் வரும் என்பதை 3 டெசிபெல் 1.41 மடங்குக்கு மேல் நகர்த்தாது என்றுதான் சொன்னேன். அதற்கு விடை வரவில்லை, நாற்காலி வந்திருக்கிறது.

அதற்கும் முன்னால் தொடுவானம் என்று ஒன்று இருக்கிறது. ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12ஆல் பெருக்கினால் ரேடியோத் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். 1.5 மீட்டர் உயரத்தில் பிடித்த கைக்கருவிக்கு அது 5 கிலோமீட்டர். அத்தகைய இருவர் சமவெளியில் நேருக்கு நேர் பேசினால் ஏறக்குறைய 10 கிலோமீட்டரில் பூமியின் வளைவே குறுக்கே நிற்கும். பூமியை 10 வாட் துளைக்காது, 50 வாட்டும் துளைக்காது. அதே இருவரில் ஒருவர் தன் ஆண்டெனாவை 9 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனால், ஒரு வாட்கூடக் கூட்டாமல் எல்லை 17 கிலோமீட்டருக்கு நகரும். புதியவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய அறிவுரை அது.

மீண்டும் கேட்கிறேன். இரு மடங்கு எங்கே?

பழைய குமிழ்:

தம்பிகள் இருவரும் சற்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். படிகத்தைக் கழற்றி மாட்டி அலைவரிசை மாற்றிய கருவிகளில், 1 வாட்டை வைத்துக்கொண்டு, நாங்கள் ரிப்பீட்டர்களில் அன்றாடம் பேசியிருக்கிறோம். அப்போது வாட்டைப் பற்றி எவரும் வாய் திறந்ததில்லை, ஆண்டெனாவைப் பற்றித்தான் பேசினோம். கருவியோடு வரும் அந்தக் குட்டை ரப்பர் ஆண்டெனா, 2 மீட்டர் பட்டையில் (145 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைகளில்) தேவைப்படும் கால் அலைநீளமான ஏறத்தாழ 49 சென்டிமீட்டரைச் சுருள் சுற்றிக் குறுக்கியது. குறுக்கியதற்கான விலையை அது கொடுத்தே தீரும். அதைக் கழற்றிவிட்டு முழு நீளக் கம்பியை மாட்டி, ஆண்டெனா இணைப்பின் வெளி வளையத்திலிருந்து அதே நீளத்துக்கு, ஆண்டெனாவின் மறுபாதியாக, ஒரு வால் கம்பியைத் தொங்கவிட்டுப் பாருங்கள், அதன் பிறகு இந்த இழைக்கே தேவை இருக்காது. வால் கம்பியால் பயனில்லை என்று சென்ற ஆண்டு இங்கே ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியதை நான் மறக்கவில்லை. அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும்.

மௌனக்கதவு:

ஒரு சிறு கேள்வி. ரிப்பீட்டரைத் திறக்க முடிந்த தூரமா, பேச்சு புரிந்த தூரமா, இரண்டு கைக்கருவிகள் நேரடியாகப் பேசிய தூரமா? மூன்றும் வேறு வேறு எண்களைத் தரும். எதை இரு மடங்கு என்கிறோம்?

அளவுமானி:

பழைய குமிழ் ஐயா, நான் எழுதியதை முழுதாகப் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கருவியைக் கையில் பிடித்திருக்கும்போது உடலே அந்த வாலின் வேலையில் ஒரு பகுதியைச் செய்துவிடுகிறது என்றும், அதனால் கிடைக்கும் ஆதாயம் பிடிக்கும் முறையையும் ஆண்டெனாவையும் பொறுத்து மாறும் என்றும்தான் எழுதினேன். "பயனில்லை" என்று நான் எழுதிய இடத்தை எடுத்துக்காட்டினால் இந்தக் களத்தைவிட்டே போய்விடுகிறேன்.

ஆனால் இந்த இழை வாலைப் பற்றியதன்று. உச்சிக்குரல் இன்னும் விடை சொல்லவில்லை. இரு மடங்கு எங்கே?

உச்சிக்குரல்:

விடை சொல்லிவிட்டேன், அவருக்குப் பிடித்த விடையைச் சொல்லவில்லை என்பதுதான் குறை. சமவெளி, 1.5 மீட்டர், வெட்டவெளி என்று அவர் கட்டும் உலகத்தில் நான் வாழவில்லை. நான் ரிப்பீட்டர் வழியாகப் பேசுகிறேன். அது குன்றின் மேல் இருக்கிறது. 100 மீட்டர் உயர ரிப்பீட்டருக்கும் என் கைக்கருவிக்கும் இடையே அவருடைய சூத்திரமே 46 கிலோமீட்டர் தருகிறது. அந்த எல்லைக்குள் என்னைத் தடுப்பது பூமியின் வளைவன்று, கட்டடங்களும் மரங்களும்தான். அவை விழுங்கியது போக மிஞ்சுவது எவ்வளவு என்பதை வாட்தான் தீர்மானிக்கிறது.

என்னைத் தம்பி என்று அழைக்கும் உரிமையைப் பழைய குமிழுக்கு நான் வழங்கியதாக நினைவில்லை. உரிமம் எடுத்து எத்தனை காலம் ஆயிற்று என்பதை இங்கே யாரும் நரை முடியால் அளப்பதில்லை.

அளவுமானி:

கட்டடங்கள் தடுக்குமிடத்தில் நிலைமை இன்னும் மோசம். தடைகள் நிறைந்த பாதையில் தூரம் கூடக்கூட அலை வெட்டவெளியைவிட வேகமாகத் தேய்கிறது. ஆகவே அதே 3 டெசிபெல் வாங்கித்தரும் கூடுதல் தூரம் 1.41ஐவிடக் குறையுமே தவிர ஏறாது. தன் வாதத்தைத் தானே வெட்டுவதற்கு அவரிடம் கோடரியும் தயாராக இருக்கிறது.

அவருடைய 10 வாட் உண்மையிலேயே 10 வாட்டா என்பதையும் இப்போது கேட்டுவிடுகிறேன். பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை நம்புகிறவர்கள் ஆண்டெனாவுக்குப் பதிலாகத் திறனை வாங்கிக்கொள்ளும் 50 ஓம் போலிச் சுமையில் மாட்டி அளந்து பார்த்தால், பலர் அன்று இரவு தூங்க மாட்டார்கள். நான் அளந்தவற்றுள் மின்கலம் நிறைந்திருக்கும்போது மட்டும் ஒன்பதை எட்டிப் பார்த்துவிட்டு, மின்னழுத்தம் இறங்கியதும் ஏழுக்குச் சரிந்தவை உண்டு. 5 வாட்டிலிருந்து 7 வாட்டுக்குப் போவது ஒன்றரை டெசிபெல். அதைக் காதால் கண்டுபிடித்தேன் என்று சொல்பவரின் காதை அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும்.

இன்னொன்று. எஃப்எம் இறுதிப் பெருக்கியின் செயல்திறன் பாதியளவு என்று வைத்துக்கொண்டால், 10 வாட் வெளியே போக மின்கலத்திலிருந்து 20 வாட் இழுக்க வேண்டும், 7.4 வோல்ட்டில் அது 2.7 ஆம்பியர். மீதிப் பாதி உள்ளங்கையில் சூடாக இறங்கும். கண்ணுக்கு அருகில் கதிர்வீசும் திறனும் இரட்டிப்பாகிறது. தலைப்பகுதி உறிஞ்சும் அலைத்திறனுக்குப் பொதுமக்களுக்கான பன்னாட்டு வரம்பு திசுவின் ஒரு கிலோவுக்கு 2 வாட் என்பதை விற்பனை விளம்பரம் உரத்துச் சொல்வதில்லை. இவ்வளவையும் கொடுத்து வாங்கிய வாட், கேட்கும் திறனை ஒரு துளியும் கூட்டுவதில்லை. ஊரெல்லாம் அவரைக் கேட்கும், அவருக்கு எவரையும் கேட்காது. ஹாம்கள் இத்தகைய நிலையத்தை முதலை என்பார்கள்: வாய் பெரிது, காது சிறிது.

உச்சிக்குரல்:

முதலை என்றதைக் குறித்துவைத்துக்கொண்டேன். எதிர்முனையில் இருப்பது 50 வாட் ரிப்பீட்டர் என்றால் கேட்பதற்கு எனக்கு என்ன குறை? அதன் குரல் எனக்குத் தெளிவாக வருகிறது, என் குரல்தான் அதனிடம் போய்ச் சேரவில்லை. குறை இருக்கும் பக்கத்தில்தானே வாட்டைச் சேர்க்க வேண்டும்? இதற்கு எந்த மானி வேண்டும்? அவருடைய மானிக்கும் கருவிக்கும் நடுவே எத்தனை இணைப்பு மாற்றிகளும் எவ்வளவு கேபிளும் இருந்தன, அவை எவ்வளவு விழுங்கின என்பதை அவர் இதுவரை வெளியிட்டதில்லை. தன் பெயரையே மானி என்று வைத்துக்கொண்டால் அளவு சரியாகிவிடாது.

பழைய குமிழ்:

வாட், வாட், வாட். பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. அதிலுள்ள ரிப்பீட்டர் இயங்கும் நேரங்களில், 145.990 மெகாஹெர்ட்ஸில் ரிப்பீட்டரைத் திறக்கும் 67 ஹெர்ட்ஸ் டோனோடு மேலே பேசி 437.800இல் கீழே கேட்பவர்கள் பலர் 5 வாட் கைக்கருவியோடும் கையில் பிடித்த, அலையை ஒரே திசையில் குவிக்கும் ஒரு யாகி ஆண்டெனாவோடும்தான் நிற்கிறார்கள். 1983இல் கொலம்பியா விண்கலத்திலிருந்து ஓவன் கேரியட் பூமியிலிருந்த ஹாம்களோடு பேசியபோது அவரிடம் இருந்ததும் கைக்கருவிதான். வாயேஜர் 1 விண்கலம் இருபத்துச் சொச்சம் வாட்டில் 2,400 கோடிக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பேசிக்கொண்டிருக்கிறது. இவர்களுக்கெல்லாம் 10 வாட் கருவி ஒன்றை யாராவது பரிசளித்தால் தேவலை. வயதைப் பற்றிய சொல்லுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை, தம்பி.

உச்சிக்குரல்:

வாயேஜரைக் கேட்பதற்குத் தரையில் 70 மீட்டர் விட்டமுள்ள தட்டு இருக்கிறது என்பதையும் ஐயா சேர்த்துச் சொல்லியிருக்கலாம். விண்வெளி நிலையத்துக்கும் நமக்கும் நடுவே ஒரு மரமும் இல்லை, ஒரு சுவரும் இல்லை. அங்கே 5 வாட் போதும் என்பது இங்கே 5 வாட் போதாது என்ற என் பேச்சைத்தான் உறுதிப்படுத்துகிறது. இரு மடங்கு.

அளவுமானி:

உறுதிப்படுத்தவில்லை. தடையற்ற பாதையில் 5 வாட் 400 கிலோமீட்டர் போகிறது என்றால், தரையில் அது நின்றுபோவதற்குக் காரணம் பாதையே ஒழிய வாட் குறைவு அன்று. பாதையை மாற்றுவதற்கு வழி உயரமும் நிற்கும் இடமும். கருவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு வெளி மைக்கில் பேசும் ஒருவர் அதைக் கழற்றித் தலைக்கு மேலே நேராகத் தூக்கிப் பிடித்தாலே, உடல் விழுங்கிக்கொண்டிருந்ததில் 3 டெசிபெல்லுக்கும் மேலாகத் திரும்பக் கிடைக்கும். உச்சிக்குரல் பழைய கருவியை எங்கே மாட்டியிருந்தார், புதிய கருவியை எப்படிப் பிடித்திருந்தார், இரண்டாவது இடம் முதலாவதைவிட எவ்வளவு மேட்டில் இருந்தது என்ற மூன்று விவரங்களையும் சொன்னால் அந்த இரு மடங்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை நானே எடுத்துத் தருகிறேன்.

புதியஅழைப்பு:

நேற்று அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான்தான். என்னிடம் ஏற்கெனவே 5 வாட் கருவி ஒன்று இருக்கிறது. அதை விற்பதா வைத்துக்கொள்வதா என்று மட்டும் யாராவது சொன்னால் போதும், ஐயா.

அளவுமானி:

வைத்துக்கொள்ளுங்கள், நல்ல ஆண்டெனா மாட்டுங்கள். ஆனால் மலிவான கருவிகளின் முன்பகுதி வடிகட்டிகள் பலவீனமானவை. பெரிய ஆண்டெனாவை மாட்டியதும் பக்கத்து ஒலிபரப்பு நிலையங்களெல்லாம் உள்ளே புகுந்து காதை அடைத்துவிடக்கூடும் என்பதையும் கவனியுங்கள்.

உச்சிக்குரல்:

பார்த்தீர்களா, நல்ல ஆண்டெனா மாட்டினால் காது அடைக்கும் என்று அவரே சொல்கிறார். வாட்டைக் கூட்டினால் காது அடைப்பதில்லை. விற்றுவிடுங்கள்.

பழைய குமிழ்:

வால் கம்பி, புதியவரே. 49 சென்டிமீட்டர். அவர்கள் பேசட்டும்.

அளவுமானி:

மலிவான கருவியில் வாட்டை இரட்டித்தால் அடைபடுவது அடுத்தவர் காது. 145 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது அதன் இரு மடங்கான 290இலும் மும்மடங்கான 435இலும் சிந்தும் கழிவலைகளும் கூடவே வலுக்கும். 435 நம்முடைய மற்றொரு பட்டைக்குள்ளேயே விழுகிறது. அதை அவர் அளந்தாரா? அளந்திருக்க மாட்டார், காதால் கேட்டிருப்பார்.

நான் கேட்ட மூன்று விவரங்களில் ஒன்றுகூட இன்னும் வரவில்லை. மேட்டின் உயரத்தையாவது சொல்லட்டும்.

உச்சிக்குரல்:

முதலை என்று அழைத்தவருக்கு நான் எதையும் அளந்து காட்டும் கடமை இல்லை. முதலில் அவர் அந்தச் சொல்லைத் திரும்பப் பெறட்டும், கேபிள் இழப்பை வெளியிடட்டும், மேட்டைப் பற்றி அப்புறம் பேசலாம். இரு மடங்கு என்றுதான் நேற்று எழுதினேன். அந்த வரியை நான் திருத்தப்போவதில்லை.