செட்டிநாட்டு டூரில் நடந்து, இன்னும் மனதை அரிக்கிற ஒன்று

பள்ளத்தூர்ப் பேத்தி:

முதலில் என்னுடையதைக் கொட்டிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.

போன மார்கழியில் ஆபீஸ் ஆட்களோடு போனேன். பதினெட்டுப் பேர், இரண்டு நாள். என் அப்பச்சி ஊர் பள்ளத்தூர் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் கைடை விட்டுவிட்டு என்னைக் கேட்பார்கள், எனக்கோ பாதி தெரியாது. கானாடுகாத்தான், ஆத்தங்குடி எல்லாம் வழக்கம்போல. இரண்டாம் நாள் மத்தியானம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. அந்தப் பழஞ்சாமான் கடைகள் உங்களுக்கே தெரியும். மங்குச் சாமான், மரப்பாச்சி, தூணின் தலைக்கட்டை, யார் வீட்டுக் கல்யாணப் போட்டோவோ ஒன்று.

கைடு ஒரு பித்தளைத் தூக்கை எடுத்துக் காட்டி, “இதுல புள்ளி புள்ளியா எழுத்து தெரியுதா? செஞ்ச கடையோட பேரு” என்றார். கடையாவது ஒன்றாவது. அது விலாசம். எங்கள் பக்கம் பாட்டன், அப்பன் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வீட்டுக்கு வீடு ஒரு விலாசம் உண்டு. விசேஷத்தில் பாத்திரம் கலந்துவிடும் என்று கரண்டி வரைக்கும் அதை வெட்டி வைப்பார்கள். அந்தத் தூக்கில் இருந்த நாலு எழுத்தும் எங்கள் ஐயா, என் தாத்தாவின் விலாசம்.

கை நீட்டி வாங்கினேன். அடியில் ஒரு நசுங்கல். அது எப்படி நசுங்கியது என்பதுகூட எனக்குத் தெரியும். ஏழு வயதில் வளவு வாசலில் உருட்டி விட்டது நான்தான். “மேடத்துக்குப் பிடிச்சிருச்சு” என்று கைடு சிரித்தார். விலை 2,800. “நல்லா இருக்கு” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

அது எப்படி அங்கே போனது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஐயா காலத்துக்குப் பிறகு பதினொரு பங்கு, பாத்திரத்தை எடை போட்டுப் பிரித்தார்கள். யாரோ ஒரு பங்காளி போட்டிருப்பார். அதைக் குறை சொல்லவில்லை. நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? ஆறு மாதமாகிறது, இன்னும் விளங்கவில்லை.

வேன்காரன்:

நான் டிரைவர். உள்ளே போகிற வழக்கம் கிடையாது. கூட்டத்தை இறக்கிவிட்டுத் திண்ணையில் சாய்ந்துவிடுவேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பார்வைக்குத் திறந்துவிட்ட வீடு இல்லை அது. வாட்ச்மேனுக்கு ஆளுக்கு ஐம்பது கொடுத்து உள்ளே போகிற ரகம்.

அன்றைக்கு முப்பத்திரண்டு பேர். முகப்புப் படி கொள்ளாமல் செருப்பு. அந்த நேரம் பார்த்து ஒரு ஆச்சி கோயிலிலிருந்து வந்தார்கள். அதே வீட்டில் பின்கட்டில் தனியாக இருக்கிறவர்கள். செருப்புக் குவியலைப் பார்த்ததும் அவர்கள் முகம் போன போக்கை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. “எல்லாரும் வந்துட்டாகளா? படைப்புக்கு நாள் குறிச்சாச்சா? எனக்கு ஒருத்தரும் சொல்லலையே” என்று என்னிடம் கேட்டார்கள். படைப்பு என்றால் பங்காளிகள் எல்லாரும் கூடி முன்னோருக்குப் படைக்கிற நாள்.

“டூர்காரங்க ஆச்சி” என்றேன்.

“ஓ.”

அதே நேரம் உள்ளேயிருந்து கைடு குரல், மைக்கில்: “இந்த வீட்ல இப்ப யாருமே இல்ல. நாப்பது வருஷமா பூட்டித்தான் கிடக்கு.”

ஆச்சி படி ஏறவில்லை. ஒரு செருப்பையும் மிதிக்காமல் ஓரமாக நடந்து, பக்கத்துச் சந்து வழியாகப் பின்வாசலுக்குப் போய்விட்டார்கள். அந்த ஐம்பது ரூபாயில் அவர்களுக்குப் பங்கு போகிறதா என்று வாட்ச்மேனிடம் கேட்கலாம் என்று நினைப்பேன். கேட்டதில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

வீடு பூட்டிக் கிடக்கிறது என்று சொன்னதற்கே இவ்வளவு வருத்தமா? எங்களுக்கு ஊரையே மாற்றிவிட்டார்கள்.

1801 போர் நடந்த இடங்களைப் பார்க்கத்தான் ஏற்பாடு. திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட இடம், காளையார்கோயில், நடுவில் சின்ன மருது இருந்த சிறுவயல். பஸ்ஸை நிறுத்தியதோ சிராவயலில். கைடு பெரிய பொட்டல் ஒன்றைக் காட்டி, அரண்மனை இங்கேதான் இருந்தது, வளரி என்கிற வளைதடியை எறிந்து பழகியது இங்கேதான் என்று அடித்து விடுகிறார். அது மஞ்சுவிரட்டுப் பொட்டல்! டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இந்த ஊருக்கு வந்தது காந்தி. மருது இல்ல.”

பஸ்ஸே சிரித்தது. அவர் சொன்னது சரி. பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ஜீவா சிராவயலில் ஆசிரமம் நடத்திய காலத்தில், 1927இல், காந்தி அங்கே வந்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. முப்பது வருஷம் வரலாறு நடத்தியவன், சிறுவயலும் சிராவயலும் ஒரே ஊர் என்றே நினைத்திருந்தேன். எத்தனை பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தேனோ!

சிறுவயலில் இறங்கியிருந்தால் சொல்ல எவ்வளவோ இருந்தது. கம்பெனிப் படை வந்து சேர்வதற்குள் மருதுவின் ஆட்களே ஊருக்குத் தீ வைத்துவிட்டார்கள். அங்கிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட முயன்ற படை, ஒரு மாதம் கோடரி பிடித்த பிறகு முடியாமல் திரும்பியது. அந்தப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரிக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொடுத்ததே சின்ன மருதுதான், போருக்குச் சில வருஷங்கள் முன்பு. அதை வெல்ஷே எழுதி வைத்திருக்கிறார். கற்றுக்கொடுத்தவரை 1801 அக்டோபர் 24இல் அண்ணனோடு சேர்த்துத் தூக்கிலிட்டார்கள். மகன் துரைசாமியைப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள்.

காளையார்கோயிலில் ஒரு பையன், “போர்க்களம் எங்க சார்?” என்று கேட்டான். 1772 ஜூன் 25இல் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் போரில் விழுந்த ஊர் அது. கைடு கோபுரத்தைக் காட்டினார். பெரிய கோபுரம் மருது பாண்டியர் கட்டியது என்று ஊரே சொல்லும். 1772இல் அது ஏது? பையன் அதையும் போட்டோ எடுத்துக்கொண்டான்.

இதையெல்லாம் விட்டுவிட்டு முட்டை வெள்ளைக்கருவில் கட்டிய வீட்டைப் பார்க்கத்தான் எல்லாரும் ஓடுகிறார்கள்.

கொத்தனார் பேரன்:

வாத்தியார் ஐயா, நீங்களுமா? முட்டையில் யாரும் வீடு கட்டவில்லை.

எங்கள் தாத்தா அந்த வீடுகளில் பூச்சு வேலை பார்த்தவர். சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி, இதுதான் சுவர். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பூச்சு. வெள்ளைக்கரு கடைசிப் பூச்சுக்கு மட்டும், அதுவும் கொஞ்சம்தான். பளபளப்பு வருவது முட்டையால் இல்லை, கூழாங்கல்லை வைத்துத் தேய்த்த கையால். ஒரு சுவருக்கு நாள்கணக்கில் தேய்ப்பார்கள் என்று தாத்தா சொல்வார். அவர் உள்ளங்கையில் ரேகை மங்கிப் போயிருந்தது. கைடுகள் சொல்வதைக் கேட்டால் ஊரில் ஒருத்தரும் ஆம்லெட்டே சாப்பிட்டிருக்க மாட்டார்கள் போல.

என் அனுபவம் சின்னதுதான். மாமியார் வீட்டு ஆட்களோடு ஆத்தங்குடிப் பட்டறைக்குப் போனோம். கண்ணாடிமேல் அச்சை வைத்து, கலர்ச் சாந்தை ஊற்றி, அச்சை எடுத்ததும் பூ அப்படியே நிற்கும். அதன்மேல் சிமெண்டும் ஊர் மணலும். அப்புறம் தண்ணீர்த் தொட்டி. கைடு கூட்டத்தைப் பார்த்து, “இத அப்படியே சூளையில வெச்சு சுட்ருவாங்க” என்றார். வேலை செய்துகொண்டிருந்த அண்ணன் தலையை நிமிர்த்தவே இல்லை. “சூளை எங்க சார் இருக்கு? எனக்கும் ஒருநாள் காட்டுங்க. இருபது வருஷமா தேடுறேன்” என்றார். கை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தது.

திருமயம் வெயில்:

நான் திருமயம் கோட்டைக்கு ஒரு குழுவோடு போனேன். மத்தியானம் பன்னிரண்டரை, சித்திரை. பாறைச் சரிவில் குடைந்த லிங்கத்தைப் பார்க்க இரும்பு ஏணி ஏற வேண்டும். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன், கால் கொப்பளித்தது. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இங்கே எழுதியவர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். மதியம் கோட்டைக்குப் போகவே கூடாது, பாறை அடுப்பு மாதிரி இருக்கும். காலையில் திறந்ததும் ஏறிவிடுங்கள், இல்லையென்றால் நாலு மணிக்கு மேல். சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். முதலில் அடிவாரத்தில் சத்தியமூர்த்திப் பெருமாளையும் சத்தியகிரீசுவரரையும் சேவித்துவிடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். பெருமாள் சந்நிதியில் அவசரப்பட வேண்டாம். சுவரில் மது, கைடபர் ஓடுவதையும் ஆதிசேஷன் கக்கும் தீயையும் பார்க்காமல் வருகிறவர்கள்தான் அதிகம். ஒரே பாறையில் இருக்கும் இந்த இரண்டு கோயிலுக்கும் 13ஆம் நூற்றாண்டில் வருமானத் தகராறு வந்து, பஞ்சாயத்துப் பேசித் தீர்த்த கல்வெட்டு அங்கேயே இருக்கிறது, கைடு காட்டாவிட்டால் கேளுங்கள். கோட்டை 1687இல் சேதுபதி கட்டியது. ஊமையன் கோட்டை என்று ஊரில் சொல்வார்கள். மேலே பீரங்கி, அதன்மேல் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். அக்டோபர் 24இலிருந்து 30 வரை குருபூஜைக் கூட்டத்தால் காளையார்கோயில், பசும்பொன் பக்கம் வண்டி போவது சிரமம், அப்போது டூர் போட வேண்டாம். வீடு பார்க்கப் போனால் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை முன்பே சொல்லி வைக்காவிட்டால் இரண்டரை மணிக்குக் குழம்பு மட்டும்தான் மிஞ்சும்.

பள்ளத்தூர் அம்மாவுக்கு: அந்தத் தூக்கை உடனே வாங்கியிருக்க வேண்டும். பித்தளை எடை என்ன என்று கேட்டு, பழசு மதிப்புக்கு மேலே கொஞ்சம் போட்டுப் பேரம் பேசினால் 2,000க்கு முடியும். பில் வாங்குங்கள். விலாசம் உங்களுடையது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், விலை ஏறிவிடும்.

வேன்காரன்:

அந்தம்மா கேட்டது சாக்ஸ் பத்தி இல்லைங்க.

இன்னும் கைடுதான்:

எல்லாரும் எங்களைப் போட்டுத் தாளிக்கிறீர்கள், சரி. ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம் தருவார்கள். முட்டை என்றால் கூட்டம் நிமிர்ந்து பார்க்கிறது, கூழாங்கல் என்றால் போனை எடுக்கிறது. அதனால் முட்டை. நான் சொல்லி வைத்திருந்த இன்னொரு கதை பர்மா. பர்மாத் தேக்குத் தூணைத் தட்டிக் காட்டி, “அந்தக் காலத்துல பர்மாலேருந்து பணம் மூட்டை மூட்டையா வந்து இறங்கும்” என்பேன். நன்றாக எடுபடும்.

ஒருநாள் கூட்டத்தில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், மகளோடு. நான் தூணைத் தட்டி முடித்ததும், “எங்கப்பா ஒரே வேட்டியோட வந்தாரு” என்றார். செட்டியார் வீட்டுக்காரர் என்று நினைத்து, “எந்த ஊர் ஐயா நீங்க?” என்றேன். இல்லை. அவர் அப்பா ரங்கூனில், செட்டியார்கள் தங்கித் தொழில் பார்த்த ஒரு கிட்டங்கியில் தவசுப்பிள்ளை, சமையல் வேலை. 1942இல் ஜப்பான்காரன் உள்ளே வந்தபோது முதலாளிமார் பலர் கப்பல் பிடித்தார்கள். இவர் மணிப்பூர் வழியாக நடந்தார். கூட நடந்த தம்பி பாதியில் போய்விட்டான். “ஊருக்கு வந்து சேர்ந்தப்ப அவரு கையில இருந்தது ஒரு கரண்டி. ஏன் அதத் தூக்கிட்டு வந்தோம்னு அவருக்கே தெரியாது” என்றார்.

கூட்டத்தில் ஒருத்தர், “சார், அடுத்த வீட்டுக்கு நேரமாச்சு” என்றார். நானும், “வாங்க, அடுத்து பெட்டகசாலை” என்று நடந்துவிட்டேன். பெரியவர் தூண் பக்கத்திலேயே நின்றார்.

மூட்டைக் கதையை இப்போது சொல்வதில்லை. கடன் கொடுத்த பணம் திரும்பாமல் நிலமாகத் திரும்பியது, 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மா நெல் நிலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செட்டியார் கையில் இருந்தது, சுதந்திரத்துக்குப் பிறகு அது அங்கேயே அரசுடைமையாகப் போனது, இதைத்தான் சொல்கிறேன். கேட்கிறார்கள். முன்னைப் போல டிப்ஸ் வருவதில்லை. வேன்காரர் சொன்ன ஆச்சி விஷயம், அது நானாகவும் இருக்கலாம். அந்த வாக்கியத்தை நானும் மைக்கில் சொல்லியிருக்கிறேன்.

பள்ளத்தூர்ப் பேத்தி:

எல்லாவற்றையும் படித்தேன். நேற்றுத்தான் ஆத்தாவிடம் சொன்னேன். கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். “மூடி இருந்துச்சா?” என்று மட்டும் கேட்டார்கள். மூடிக்கு உள்பக்கம் அப்பத்தா பெயரும் வெட்டியிருக்குமாம். எனக்குத் தெரியாது. நான் மூடியைக் கவனிக்கவே இல்லை.

இன்றைக்குக் காலையில் கடைக்குப் போன் செய்தேன். தூக்கு இருக்கிறது, ஆனால் மூடி இல்லை, தனியாகக் கேட்டார்கள், சுவரில் மாட்ட என்று ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். தூக்கு இப்போது 3,500.

வேன்காரன்:

வியாழக்கிழமை அந்தத் தெருவுக்கு ஒரு பார்ட்டியைக் கூட்டிப் போறேன்மா. மூடி யாருக்குப் போச்சுன்னு விசாரிக்கிறேன். கடை அடையாளம் மட்டும் சொல்லுங்க, பூக்கடைக்கு முன்னாடியா, தாண்டியா?