ஓவர்ஃப்ளோவுக்கு ‘மறுகால்’னு வச்சா என்ன?

எல்லாருக்கும் வணக்கம். கம்ப்யூட்டர்ல ஒதுக்கின இடம் பத்தாம வழியறதை ஓவர்ஃப்ளோங்கிறோமே, அதுக்குத் தமிழ்ல ‘மிகைவழிவு’ன்னு வச்சுக்கலாம்னு போன வாரம் நம்ம கலைச்சொல் குழுவுல அண்ணன் ஒருத்தர் எழுதினாரு, அதுல இருந்து ரெண்டு மூணு நாளா எனக்கு இதே யோசனைதான். வார்த்தை தப்புன்னு சொல்லல, இலக்கணமெல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா அதைச் சொல்றப்ப கண்ணு முன்னால ஒண்ணும் வரமாட்டேங்குது.

எங்க நாஞ்சில் நாட்டுல, கன்னியாகுமரிப் பக்கம், குளம் நெறஞ்சா ‘மறுகால் பாயுது’ன்னு சொல்லுவாங்க. ஐப்பசி மழைல பெரியப்பா ராத்திரி டார்ச் எடுத்துக்கிட்டு குளத்தங்கரைக்குப் போவாரு, நானும் பின்னாலயே ஓடுவேன். மடைப் பக்கம் திரும்பிக்கூட பாக்க மாட்டாரு, நேரா மறுகால் கிட்ட போயி நின்னு காது குடுப்பாரு, அந்த இரைச்சல் கேட்டுட்டா ‘மறுகால் போவுதுல்லா, இனி பேடிக்காண்டாம்’னுட்டு, அதாவது பயப்பட வேண்டாம்னுட்டு, வந்து படுத்துருவாரு. தண்ணி கரை மேல ஏறுறதுக்கு முன்னாலயே மிச்சம் போறதுக்கு ஒரு வழி விட்டு வச்சிருக்காங்க, அது அடுத்த குளத்துக்குப் போவும், அதுவும் நெறஞ்சா அதுக்கு அடுத்ததுக்கு. அந்த வழி அடைச்சிக்கிட்டா கரை உடைஞ்சிரும், பக்கத்து வயலெல்லாம் மண்ணு மூடிரும்.

இப்ப மொபைல் ஆப்ல மேல மூணு புள்ளி இருக்கே, இடம் பத்தாத மெனுவெல்லாம் அதுக்குள்ள போயி உக்காந்திருக்கும், அதை ஓவர்ஃப்ளோ மெனுன்னு சொல்றோம், அது அப்படியே மறுகால்தானே! எதுவும் தொலையல, இன்னொரு இடத்துக்குப் போயிருக்கு, அவ்வளவுதான். ஆனா பஃபர் ஓவர்ஃப்ளோ அப்படி இல்ல, பஃபர்னா டேட்டா வைக்க மெமரில ஒதுக்கின இடம், அது நெறஞ்ச பிறகும் டேட்டா எழுதிக்கிட்டே போயி பக்கத்துல இருக்குற மெமரியையும் அழிச்சிரும். 1988 நவம்பர்ல மோரிஸ் வோர்ம்னு ஒரு புரோகிராம் இன்டர்நெட்ல கம்ப்யூட்டர் கம்ப்யூட்டரா தானா பரவினதுக்கு இந்த ஓட்டையும் ஒரு வழி. அதுக்கு மறுகால்னு பேரு வச்சா பெரியப்பா சண்டைக்கு வருவாரு, அது உடைப்பு. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைங்கிறதுக்காக நாமளும் ஒண்ணையே வைக்கணுமா, வழி இருந்து போனா மறுகால், வழியில்லாம போனா உடைப்புன்னு நம்மகிட்ட தெளிவா ரெண்டு இருக்கே.

இது உங்க ஊரு வார்த்தை, மத்தவங்களுக்குப் புரியாதேன்னு கேப்பீங்க, நியாயமான கேள்வி. திருநெல்வேலி பக்கமும் மறுகால்தான், நாங்குநேரி கிட்ட மறுகால்குறிச்சின்னு ஊரே இருக்கு. வடக்க போனா கலிங்குங்கிறாங்க, சில ஊர்ல ஏரி கோடி போகுதுன்னு சொல்றாங்க, இலங்கைல குளம் வான் பாயுதும்பாங்க. எல்லாமே நல்ல வார்த்தைதான், எனக்கு எல்லாத்து மேலயும் ஆசை உண்டு. ஆனா வான்னா வானம் ஞாபகம் வரும், கோடின்னா பணம் ஞாபகம் வரும், கலிங்கு தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் தெரியும். மறுகால் அப்படி இல்ல, கால்னா வாய்க்கால் கால்வாய்ல இருக்குற அதே கால், மறுன்னா இன்னொண்ணு, குளத்தையே பாக்காத மெட்ராஸ் பையனுக்குக்கூட ஒரு தடவை சொன்னா ஒட்டிக்கும்.

புதுச் சொல்லு நிக்கிறதும் நிக்காததும் இதுலதான் இருக்குன்னு எனக்குத் தோணுது. பேருந்து போர்டுலயும் டிக்கெட்லயும் ஏறி பழகிருச்சு, அதே ‘உந்து’ங்கிற சொல்லை வச்சு செஞ்ச மகிழுந்து கார்ங்கிற ஒத்தைச் சொல்லு முன்னால நிக்க முடியல. சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி குடுத்த இணையம் நின்னுச்சு, இணைன்னு எல்லாரும் சொல்ற சொல்லு அதுக்குள்ள இருக்கு. பதிவிறக்கம்னு நாம பாடுபட்டு எழுதறோம், என் தங்கச்சி மகன் ‘படம் எறக்கியாச்சா மாமா’ன்னு கேக்கான், அவன் வாய் தானா வெட்டிக் குறுக்கிக்கிட்டுது, எனக்கு அது நம்ம அகராதிய விட நல்லா இருக்கு.

மின்னஞ்சலையே எடுத்துக்குங்க. எங்க ஊரு முன்ன திருவிதாங்கூர் சமஸ்தானத்துல இருந்துச்சு, அங்க தபாலுக்குப் பேரே அஞ்சல். மணி கட்டின கம்பைத் தூக்கிட்டு அஞ்சல் ஓட்டக்காரன் வருவான்னு ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கேன், சத்தம் கேட்டா ஆளுக வழி விடணுமாம். 1951ல அந்தத் துறையை இந்திய தபால் துறையோட சேத்துட்டாங்க, 1956 நவம்பர் 1ல நாங்களும் தமிழ்நாட்டுக்கு வந்துட்டோம், ஆச்சி சாகுற வரைக்கும் அஞ்சல்னுதான் சொன்னா. அந்தச் சொல்லு முன்னால ஒரு ‘மின்’ மட்டும் சேந்து இன்னிக்கு இந்தக் கடிதம் உங்களுக்கு வருது.

ஒண்ணு மட்டும் இடிக்குது. கம்ப்யூட்டர்ல 8 பிட் எண்ணுன்னா 0ல இருந்து 255 வரைக்கும்தான் கொள்ளும், 255க்கு மேல ஒண்ணு கூட்டினா திரும்ப 0ன்னு வந்து நிக்குமே, அதுவும் ஓவர்ஃப்ளோதான், அதுக்கு மறுகாலும் ஒத்து வரல, உடைப்பும் ஒத்து வரல. பழைய ஸ்கூட்டர்ல கிலோமீட்டர் எல்லாம் ஒம்பதா போயி அப்புறம் பூஜ்யத்துக்கு வருமே, அதுமாதிரி. அதை மெக்கானிக்குங்க என்ன சொல்லுவாங்கன்னு தக்கலைல ஒரு பட்டறைல நாளைக்கு கேட்டுட்டு எழுதறேன். அதுவரைக்கும் மறுகாலையும் உடைப்பையும் நம்ம கலைச்சொல் பட்டியல்ல சேக்கலாமா வேண்டாமான்னு சொல்லுங்க, இலங்கைல இருக்குற அக்காமாரு கட்டாயம் சொல்லணும்.