இங்கிலாந்து போற பிள்ளைகளே, போன் வேலையை மதுரையிலயே முடிச்சிருங்க

கேள்வி: செப்டம்பர்ல லீட்ஸ்ல மாஸ்டர்ஸ் சேரப் போறேன், ஊரு திருமங்கலம். இந்திய நம்பரைக் கையில வச்சிருக்கணுமா, அங்க போய் புது சிம் வாங்கினாப் போதுமா?

பதில்: தம்பி, அங்க சிம் வாங்குறது ஒரு வேலையே இல்ல. சூப்பர் மார்க்கெட்லயே தொங்கும், ப்ரீபெய்டுக்கு அடையாள அட்டைகூட கேட்க மாட்டாங்க. சிக்கல் பூரா இந்திய நம்பர்லதான். பேங்க் ஓடிபி, எஜுகேஷன் லோன், ஆதார், வருமான வரி எல்லாம் அதை நம்பித்தான் இருக்கு.

முதல்ல சிம் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. நம்ம வீடுகள்ல அப்பா பேர்லயோ மாமா பேர்லயோ வாங்கினதைத்தான் பிள்ளைக வச்சிருக்கும். டூப்ளிகேட் சிம்மை, யார் பேர்ல இருக்கோ அவங்க நேர்ல வந்தாத்தான் தருவாங்க. அதனால அப்பா பேர்ல இருந்தா அவசரப்பட்டு மாத்தாதீங்க. அங்க போன் தொலைஞ்சாலும் அவர் இங்க கடைக்குப் போய் வாங்கிருவார். மாமா பேர்ல இருந்து, அவரும் துபாய்ல இருக்கார்னா, லீவுக்கு வரும்போதே பிடிச்சு உட்கார வச்சு பேரை மாத்திருங்க.

சிம்மை மாத்தினா 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. சிம் மோசடியைத் தடுக்க தொலைத்தொடர்புத் துறை போட்ட விதி இது. ஃப்ளைட்டுக்கு முந்தின நாள் மாத்திட்டு ஃபாரக்ஸ் கார்டு (வெளிநாட்டுச் செலவுக்கான கார்டு) ஓடிபிக்கு முழிக்கிறவங்க நிறைய. ஒரு வாரம் முன்னாடியே முடிங்க.

"இந்திய சிம்மை இ-சிம்மா மாத்திட்டா இடம் மிச்சம்"னு கடைக்காரர் சொல்வார். இ-சிம்னா அட்டை இல்லாம போனுக்குள்ளயே பதியிற சிம். தலைகீழாப் பண்ணுறதுதான் நல்லது. இந்திய நம்பர் பிளாஸ்டிக் சிம்மாவே இருக்கட்டும். போன் உடைஞ்சா வேற போன்ல போட்டுக்கலாம். இங்கிலாந்து நம்பரை இ-சிம்மா எடுங்க, அது போனாலும் அந்த ஊர்ல இருந்துக்கிட்டே திரும்ப வாங்கிரலாம்.

ரீசார்ஜ்: டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி 90 நாள் எந்த உபயோகமும் இல்லைன்னாத்தான் ப்ரீபெய்டு நம்பரை முடக்கலாம். அப்பவும் 20 ரூபாய் பேலன்ஸ் இருந்தா அதைக் கழிச்சிட்டு இன்னும் 30 நாள் விடணும். ஆனா அதை நம்பிப் போகாதீங்க. பிளான் முடிஞ்சா நம்பர் உயிரோட இருந்தும் ஓடிபி வராமப் போகும். 2025 ஜனவரியில இருந்து டேட்டா இல்லாம கால், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள நீண்ட கால பிளான்கள் வந்திருக்கு. அதுல ஒண்ணைப் போடுங்க; இந்திய டேட்டா அங்க எதுக்கு? வெளிநாட்டுலயும் இந்த சிம் வேலை செய்ய, இன்டர்நேஷனல் ரோமிங்கை ஊர்ல இருக்கும்போதே ஆன் பண்ணுங்க. போன் செட்டிங்ஸ்ல அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங் ஆஃப்ல இருக்கணும். எஸ்எம்எஸ் வர்றதுக்குக் காசில்லை. கால் வந்தா எடுக்காதீங்க, எடுத்தா மீட்டர் ஓடும்.

மற்றொரு பதில்: மேல சொன்னதோட ரெண்டு சேர்த்துக்கோங்க. டவுன்ஹால் ரோட்ல புது சாம்சங் வாங்கி, சீல் உடைக்காம பெட்டியோட கொண்டு போறாங்க. பெட்டி மேல ஸ்டிக்கர் இருந்தாப் படிங்க: முதல்ல இந்திய சிம்மைப் போட்டு மொத்தம் 5 நிமிஷம் பேசியிருக்கணும். இல்லைன்னா வெளிநாட்டு சிம் ஏத்துக்காது. வாங்கின அன்னைக்கே சிம்மைப் போட்டு அத்தைகிட்ட பத்து நிமிஷம் பேசிருங்க. யுபிஐ ஆப்பையும் அந்தப் போன்லயே பதிஞ்சுக்கோங்க. பதியும்போது அந்த சிம்ல இருந்து எஸ்எம்எஸ் போகணும். வெளிநாட்டுல அதுக்கு ரோமிங் கட்டணம், சில நேரம் போகவே போகாது.

அங்க 24 மாச கான்ட்ராக்டுக்குத் தலையாட்டாதீங்க. அங்க கிரெடிட் ஹிஸ்டரி (கடன், பில் கட்டின பதிவு) இல்லாததால அநேகமாக் கிடைக்காது, கிடைச்சாலும் படிப்பு ஒரு வருஷம்தான். 30 நாள் சிம் போதும். அந்த மாதிரி சிம் தர்ற கம்பெனிகள் பெரிய கம்பெனி டவர்லதான் ஓடுது: கிஃப்காஃப் ஓ2 டவர்ல, லெபாரா வோடஃபோன்ல, ஸ்மார்ட்டி த்ரீயில. எதை எடுக்கன்னு சீனியரைக் கேட்கிறதைவிட, ரூம் போஸ்ட்கோடை ஆஃப்காம் (அந்த ஊர் டிராய் மாதிரி) கவரேஜ் மேப்ல போட்டுப் பாருங்க. வீட்டுக்குள்ள சிக்னல் எப்படின்னு தனியாக் காட்டும். பழைய கல்லுக்கட்டு வீடுகள்ல, அதுவும் அடித்தள ரூம்ல, சிக்னல் சுத்தமா இறங்கிரும். வைஃபை காலிங் (டவர் இல்லாம வைஃபை வழியாப் பேசுறது) இருக்கேன்னு நினைக்கலாம்; ஊர்ல வாங்கின சில ஆண்ட்ராய்டுல அந்த நெட்வொர்க்குக்கு அது வராது.

பவர் பேங்க் கையில கொண்டு போற பைல மட்டும். 20,000 எம்ஏஎச்னா 74 வாட்-அவர், ஃப்ளைட்ல 100 வரை பிரச்சனை இல்லை.

இன்னொரு பதில்: மதுரை வீட்டு லேண்ட்லைனுக்குப் போட 0452-ல இருக்கிற சைபரை விட்டுட்டு +91 452. வாட்ஸப்பை இந்திய நம்பர்லயே விட்டிருங்க, மாத்தத் தேவையே இல்லை.

அப்புறம் அம்மா அப்பாவுக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. "உங்க பையனை போலீஸ் பிடிச்சிருக்கு, பணம் அனுப்புங்க"ன்னு வீட்டுக்குக் கால் வரும். பிள்ளைகளுக்கு ஹோம் ஆபீஸ் (விசா பார்க்கிற இங்கிலாந்து அரசுத் துறை) பேர்ல வரும். ஸ்கிரீன்ல தெரியிற நம்பர் அசல் மாதிரியே இருக்கும், அதையும் போலியாக் காட்ட முடியும். போன்ல பணம் கட்டச் சொன்னா அது மோசடிதான், உடனே காலை கட் பண்ணிருங்க. உங்க ரூம்மேட் நம்பரையும் யூனிவர்சிட்டி இன்டர்நேஷனல் ஆபீஸ் நம்பரையும் அப்பா போன்ல ஏத்துங்க. உங்களுக்கு லைன் கிடைக்கலைன்னா அவங்க முதல்ல அங்க கேட்கட்டும். பணம் போயிருச்சுன்னா தாமதிக்காம 1930-க்கு (சைபர் மோசடி உதவி எண்) அடிக்கணும்.