புதுப்பிப்பு: பாக்கெட் டார்ச் வாங்கிவிட்டேன்

தினமும் உடன் வைத்திருக்க 14500 செல் (AA அளவுள்ள சிறிய ரீசார்ஜ் பேட்டரி) டார்ச்சா, அதைவிடப் பெரிய 18650 செல் டார்ச்சா என்று முன்பு கேட்டிருந்தேன். 18650-ஐ எடுத்துவிட்டேன். செல் மட்டுமே 18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளம், சட்டைப்பைக்குப் பாரம்தான், கால்சட்டைப் பையில் கிளிப்போடு நன்றாக நிற்கிறது.

லூமென் (டார்ச் தரும் மொத்த வெளிச்சம்) எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். உச்ச வெளிச்சத்தில் சில நிமிடங்களிலேயே தலைப்பகுதி கையைச் சுடுகிறது, பிறகு தானாக மங்கிவிடுகிறது. தூரம் வேண்டுமென்றால் கேண்டெலாவை, அதாவது ஒரு திசையில் ஒளி எவ்வளவு செறிவாகப் பாய்கிறது என்பதைப் பாருங்கள்: 10,000 கேண்டெலா என்றால் பெட்டி அட்டையில் ஒளி எட்டும் தூரம் 200 மீட்டர் என்று இருக்கும். அதுவும் கால் லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு), ஏறத்தாழ முழுநிலவு வெளிச்சம் விழும் தூரம்தான். வரப்பில் பாம்பு இருக்கிறதா என்று பார்க்க அகன்ற ஒளியே உதவும்.

இரவுக் காவல் பணியில் இருப்பவர்கள், வால் பொத்தானை அரைகுறையாக அழுத்தினால் எரிந்து, விரலை எடுத்ததும் அணைவதையே கேட்டு வாங்குங்கள். பைக்குள் தானாக எரியாதிருக்க வால்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைக்கிறேன்.